மடித்து வெட்டாதது

ஃப்ரீ சைஸ் என்று எழுதியிருந்த பேண்ட்
தொடையோடு நின்றுவிட்டது.
திரைக்கு வெளியே கடைப்பெண்,
"வேற கலர் பாக்கிறீங்களாக்கா?"
கலரில் இல்லை பிரச்சினை.

ஒன்பது வயதில் மாடியிலிருந்து விழுந்தேன்.
கட்டு நேராகத்தான் போட்டார்கள்,
எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது.
இடது கால் குட்டை.
இடுப்புக்குக் கீழே தாராளம்;
அதற்கும் விழுந்ததற்கும் சம்பந்தமில்லை.
பேண்ட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் இருந்தது: ஆசை.

சம்பங்கியிடம் டேப்பைக் கொடுத்தேன்.
பதினாறு வருஷத்தில்
அவர் என்னை எண்ணாகப் பார்த்ததில்லை.
சுற்றிப் பிடித்தார். குனிந்தார். இருமினார்.
"நாப்பத்திரண்டு."

குடியாத்தம் பஜாரில் சாம்பல் நிறக் கட்பீஸ்.
ஞாயிறு முழுக்கத் தைத்தேன்.
திங்கள் காலை பேர்ணாம்பட்டு பஸ்ஸில்
முதல் படியில் கால் வைத்ததும்
பின்தையல் வாயைத் திறந்தது.
ஷாகிரா தன் துப்பட்டாவை அவிழ்த்து
என் இடுப்பில் கட்டினாள்.
அன்று ஷிப்ட் முடியும்வரை
தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, எழுந்திருக்க வேண்டுமே என்று.

இரவு நானே அளந்தேன்.
நாற்பத்தாறு.
"இன்னா இது?"
"சொன்னா வருத்தப்படுவியோன்னு..."
மரியாதைக்கு நாலு அங்குலம்.
துணிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை.

கம்பெனியில் நான் தைப்பது ஷூவின் மேல்தோல்.
அங்கே இடது வேறு, வலது வேறு,
அச்சு வேறு, ட்ரே வேறு;
கலந்துவிட்டால் சூப்பர்வைசர் சாமியாடுவார்.
பேண்டுக்கு மட்டும்
துணியை இரண்டாய் மடித்து ஒரே வெட்டு,
ஒரு பக்கத்தை அளந்துவிட்டு
மறுபக்கத்தை நம்பிவிடுவது.
நான் மடித்து வெட்டின ஆளில்லை.

பழைய லுங்கி ஒன்று கேட்டேன், கட்டம் போட்டது.
குற்றம் உறுத்தியிருக்க வேண்டும்,
இரண்டு கொடுத்தார்.
லுங்கி யாரிடமும் அளவு கேட்பதில்லை,
கட்டினவரோடு போய்விடும்.
அதற்கு இரண்டு கால் வைத்து
ஓட்டுத்தையல் போட்டதும்
அதுவும் கேட்க ஆரம்பித்தது.

டியூப்லைட் அடியில் நின்றேன்.
நீலக்கோடுகள் வலது பக்கம் மட்டமாக வந்தன.
இடது பக்கம் வந்ததும்,
டிரைவர் பிரேக் போட்டாற்போல
எல்லாம் சேர்ந்து சாய்ந்தன.
தெருவில் எனக்குப் பின்னால் வருகிறவர்கள்
முப்பது வருஷமாகப் பார்த்ததை
அன்றுதான் நான் பார்த்தேன்.
அசிங்கமாக இல்லை.
ஒவ்வொரு கோடும் அடுத்ததைப்போலவே சாய்ந்திருந்தது.

அவர் குண்டூசி டப்பாவோடு முட்டிபோட்டு
கோடு மட்டத்துக்கு வரும்வரை
துணியைத் தூக்கிப் பிடித்தார்.
"எவ்ளோ?"
"ஒண்ணேகால்."
"நெசமா?"
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.
"ஒண்ணேகாலும் ஒரு நூலும்."

பின்பக்கம் குறுக்கே வெட்டி
இரண்டு விரல் அகலம் ஒட்டுக் கொடுத்தோம்.
பிறகு லுங்கியைப் பிரித்துப் புதுத்துணிமேல் பரப்பி,
மடிக்காமல்,
நாலு துண்டும் தனித்தனியாக.
சாக்பீஸில் இ, வ என்று எழுதி.

இடது முட்டிக்குப் பின்னால் ஒரு சுருக்கம்,
மூன்று தடவை பிரித்தும் போகவில்லை.
உட்கார்ந்தால் போய்விடுகிறது. விட்டுவிட்டேன்.
மிச்ச லுங்கியில் பாக்கெட் உள்துணி;
கேட் பாஸ், சில்லறை, செல்போன்
மூன்றும் உள்ளே போயும் கைக்கு இடமிருக்கிறது.

பஸ்ஸில் ஷாகிரா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.
"எனக்கொண்ணு தச்சுக் குடு.
உங்க வீட்டுக்காரரு அளக்கக்கூடாது."
"நானே அளக்கிறேன். கொறச்சுச் சொல்லமாட்டேன்."
கம்பியைப் பிடித்துக்கொண்டு
கொஞ்சநேரம் யோசித்தாள்.
"கூட்டியும் சொல்லாதே."